விலைச்சீட்டு உரிமைச்சீட்டு ஆகாது

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் விழாக்களுள் ஆறாம் ஆண்டு மாணவர்க்கான பிரியாவிடை விழா தனிச் சிறப்புடையது. ஆறு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ்ப் பயின்ற பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியை நோக்கிப் பிரிந்து செல்லும் நாள் அது. மண்டபத்தின் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. வெண்திரையில் படவில்லைக் காட்சி தொடங்குகிறது. முதலாம் ஆண்டில் அழுதுகொண்டு வந்த குழந்தையின் படம், திடலில் ஓடி வென்று கோப்பை ஏந்திய படம், ஆசிரியரைச் சூழ்ந்து நின்று சிரித்த படம் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னணியில் எல்லாரும் அறிந்த திரைப்பாடல் ஒன்று ஒலிக்கிறது. தாய்மார் கண்ணீரைத் துடைத்துக்கொள்கின்றனர். தந்தையர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கின்றனர். விழா முடிந்த மறுநாள் அக்காட்சி காணொளியாகி இணையத்தில் ஏறிவிடுகிறது. சில இடங்களில் அது விரலியில் பதியப்பெற்றுப் பெற்றோர்க்கு விற்கவும் படுகிறது.

இவ்வளவும் நடந்தேறும்வரை எவரும் எழுப்பாத வினா ஒன்று உண்டு. அந்தப் பாடல் யாருடையது? அதனைப் படங்களோடு கோத்துப் பலர்முன் ஒலிக்கச் செய்யவும் உலகறிய ஏற்றவும் இசைவு தந்தவர் யார்? வினவினால் விடை ஆயத்தமாக வருகிறது: "களவாடவில்லை ஐயா. இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு. விலைச்சீட்டும் இருக்கிறது."

இவ்விடையில் பாதி உண்மை, பாதி அறியாமை. களவாடாமல் காசு கொடுத்து வாங்கியது போற்றத்தக்கதே. ஆயினும், வாங்கியது எதனை என்று சிந்தியாமல் விலைச்சீட்டையே உரிமைச்சீட்டாகக் காட்டுவது தவறு. இத்தவறு சிற்றூர்ப் பள்ளி முதல் தலைநகரத்து விருந்து மண்டபம் வரை பரவிக் கிடக்கிறது. தமிழைக் காப்பதற்கென்றே தோன்றிய சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. கற்றோரே செய்யும் தவறாதலால் இதனைக் கண்டித்துரைப்பது கடமையாகிறது.

வாங்கியது யாது?

புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கியவர் அதனைப் படிக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கவும் செய்யலாம். ஆனால், வாங்கிவிட்டேன் என்று கூறி அதனை மறுபடி அச்சிட்டு வெளியிட அவருக்கு உரிமை இல்லை. இதனை எழுத்தாளர்க்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தாளும் மையும் வாங்கியவருடையன; எழுத்து எழுதியவருடையது.

இசைக்கும் இதுவே நெறி. பழைய இசைத்தட்டுகளைக் கையாண்டவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். பல தட்டுகளின் நடுவே ஒட்டப்பட்டிருந்த வட்டத் தாளின் ஓரத்தில், இசைவின்றிப் படியெடுப்பதும் பலர்முன் ஒலிப்பதும் ஒலிபரப்புவதும் தடைசெய்யப்பட்டவை என்னும் எச்சரிக்கை சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒலிநாடா உறைகளிலும் அத்தகைய வாசகம் இடம்பெற்றது. படித்தவர் சிலர், படித்தும் பொருட்படுத்தாதவர் பலர். ஆயினும், எச்சரிக்கை கண்ணெதிரே இருந்தது. கணினியில் வந்திறங்கும் இசைக்கோப்புக்குத் தாளும் இல்லை, ஓரமும் இல்லை. எச்சரிக்கை நீண்டதோர் ஒப்பந்தத்தினுள் புகுந்துகொண்டது. அவ்வொப்பந்தத்தைப் படியாமலேயே 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் பாடலைப் பெறுவது வழக்கமாயிற்று.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் இசைக்கடையைத் திறந்தது. பாடல் ஒன்றின் விலை 99 அமெரிக்கக் காசு. அக்கடை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2012ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அங்கு விற்கப்பட்ட கோப்புகளுக்குப் பூட்டு ஒன்று இருந்தது. அவை ஒலிக்கக்கூடிய கணினிகளின் எண்ணிக்கையை அது வரையறுத்தது. 2009இல் அப்பூட்டு நீக்கப்பட்டது. பூட்டு நீங்கியதும் உரிமையும் முழுமையாகக் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டனர். பூட்டாத வீட்டினுள் எவரும் புகலாம் என்பது எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவே இதுவும் பொருந்தும். பூட்டு நீங்கிய பின்னரும் ஒப்பந்தம் மாறவில்லை. வாங்குவோரின் சொந்தப் பயன்பாட்டிற்கும் வணிகம் சாராப் பயன்பாட்டிற்குமே பாடல் வழங்கப்படுகிறது என்பதுதான் அதன் சாரம்.

வாங்கிய கோப்பினை மறுவிற்பனை செய்வதேனும் கூடுமா என்ற வினாவும் நீதிமன்றம் வரை சென்றது. ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாடல்களைப் பழைய புத்தகம்போல் மறுபடி விற்க வழிசெய்த ரீடிஜி என்னும் நிறுவனத்தின்மீது கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 2013இல் நியூயார்க்கிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் அவ்விற்பனை பதிப்புரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கோப்பு ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது புதுப் படி ஒன்று உண்டாகிறது. படியெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. அது அமெரிக்கத் தீர்ப்பு. மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், 'வாங்கினேன்' என்னும் சொல் இணைய உலகில் எவ்வளவு சுருங்கிப் போயிற்று என்பதற்கு அது சான்று.

இங்கு விற்பவரின் குற்றத்தையும் மறைத்தலாகாது. பொத்தானில் 'வாங்குக' என்று பெரிய எழுத்தில் பொறித்துவிட்டு, தருவது உரிமம் மட்டுமே என்பதை ஒப்பந்தத்தின் ஆழத்தில் புதைத்து வைப்பது நேர்மையாகாது. இதனைக் கண்ட கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கிடைப்பது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவியாமல் இணையப் பொருள்களுக்கு 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்துதல் கூடாது என்னும் அச்சட்டம் 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்பிலுள்ளது. பாமரர் ஏமாறியதற்கு விற்பவரும் பொறுப்பு. ஆனால், மாணவர்க்கு எழுத்தறிவிப்போர் தாம் ஒப்பமிட்டதைப் படிக்கவில்லை என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாகாது.

ஒரு பாட்டுக்குள் பலர்

ஒரு திரைப்பாடல் ஒரே பொருளாகக் காதில் விழுகிறது. சட்டத்தின் பார்வையில் அது பல பொருள்களின் கூட்டு. சொற்களை எழுதியவர் ஒருவர். அஃது இலக்கியப் படைப்பு. மெட்டமைத்தவர் ஒருவர், அஃது இசைப் படைப்பு. ஒலிக்கூடத்தில் பதிந்து வெளியிட்டவர் வேறொருவர், அஃது ஒலிப்பதிவு. பாடியவர்க்கும் இசைத்தவர்க்கும் தனியே உரிமைகள் உண்டு. ஒருவரிடம் இசைவு பெற்றமையால் மற்றவரின் இசைவும் கிடைத்துவிட்டதாகாது.

இவ்வேறுபாட்டைத் தமிழர்க்கு விளக்கப் பாரதியாரின் பாடல்களைவிடச் சிறந்த சான்று இல்லை. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை வணிகர் கைக்குச் சென்று, பின்னர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மக்கள் கவிஞனின் பாட்டு ஒருவரின் உடைமையாக இருப்பதா என்ற குரல் தமிழகத்தில் எழுந்தது. மெய்யப்பர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை அரசு பாரதியின் படைப்புரிமையைத் தன்வயப்படுத்தியது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. இன்று பாரதியின் பாடலை எந்தப் பள்ளியும் பாடலாம், எவரும் அச்சிடலாம். ஆனால், அண்மையில் ஓர் இசையமைப்பாளர் புது மெட்டமைத்து, ஒரு பாடகர் பாடி, ஒரு நிறுவனம் வெளியிட்ட பாரதி பாடலின் ஒலிப்பதிவு மக்கள் உடைமையன்று. சொல் பொதுவுடைமை, மெட்டும் குரலும் பதிவும் தனியுடைமை. "பாரதி பாட்டுத்தானே, யார் கேட்பார்?" என்று அவ்வொலிப்பதிவை எடுத்தாள்வோர் இவ்வேறுபாட்டை மறந்தவராவர்.

"பழைய பாட்டுத்தானே" என்பது அடுத்த சமாதானம். மலேசியச் சட்டப்படி எழுத்துக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப்பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981இல் மறைந்தார். மலேசியக் கணக்குப்படியே அவர் வரிகளுக்கு 2031ஆம் ஆண்டின் இறுதிவரை பாதுகாப்பு நீடிக்கிறது. இந்தியக் கணக்குப்படி 2041வரை. எம்.எஸ். விசுவநாதன் மறைந்தது 2015இல். அவர் மெட்டுகளுக்கு 2065வரை இங்குப் பாதுகாப்பு உண்டு. பாட்டு பழையதாகிவிட்டது என்பது கேட்பவரின் நினைவுக் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு.

சட்டம் தரும் நிழல்

மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டினது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. படவில்லைகளைக் கணினியில் ஆக்கும் பவர்பாயிண்ட் மென்பொருள் முதன்முதலில் வெளிவந்ததும் அதே 1987இல்தான். சட்டமும் கருவியும் ஒரே வயதின. கருவியைக் கற்பிக்கும் பட்டறைகள் ஆசிரியர்க்கு எண்ணற்றவை நடந்தன. சட்டத்தைக் கற்பித்த பட்டறைகளோ அரியவை. பாடலை எவ்வாறு புகுத்துவது, எந்தப் படத்தில் தொடங்கி எந்தப் படத்தில் நிறுத்துவது என்றெல்லாம் பயிற்சி தரப்பட்டது. புகுத்தலாமா என்னும் வினா பயிற்சியில் இடம்பெறவில்லை.

அச்சட்டம் பள்ளிகளுக்குப் பகையானது என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை. படியெடுத்தல், பலர்முன் ஒலித்தல், பொதுமக்களுக்குச் சேர்ப்பித்தல், படிகளை விற்றல் ஆகியவற்றை உரிமையாளரின் கட்டுப்பாட்டில் வைக்கும் அதே சட்டம், கல்விக்கு விலக்குகளையும் தந்துள்ளது. பாடத்தை விளக்குவதற்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாளலாம். ஆனால் மூலத்தையும் படைத்தவர் பெயரையும் குறிப்பிடல் வேண்டும். இலாப நோக்கற்ற அமைப்பு, அறத்திற்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் பெறாத இடத்தில் ஒரு படைப்பை ஒலிக்கச் செய்யவும் விலக்கு உண்டு. ஆகவே, இசைப் பாடத்தில் ஓர் இராகத்தை விளக்க ஒரு பாடலின் பகுதியை ஒலிக்கச் செய்யும் ஆசிரியர் குற்றவாளி அல்லர். கட்டணமின்றிப் பள்ளி மண்டபத்தில் கல்வி நோக்குடன் நடக்கும் நிகழ்ச்சிக்கும் இந்நிழலில் இடம் உண்டு.

நிழலுக்கும் எல்லை உண்டு. கட்டட நிதிக்கென்று நுழைவுச்சீட்டு விற்கப்படும் கலை இரவு கட்டணமற்ற நிகழ்ச்சியாகாது. காட்சியை விரலியில் பதிந்து விற்பது பாடம் நடத்துவதாகாது. காணொளியாக்கி இணையத்தில் ஏற்றும்போது அது பள்ளி மண்டபத்தை விட்டு நீங்கி உலகத்தின் முன் வைக்கப்படுகிறது. அதனைப் பொதுமக்களுக்குச் சேர்ப்பித்தல் என்றே சட்டம் கொள்ளும். இசையை நகரும் படங்களோடு கோத்து ஒரு புதுப் படைப்பாக்குவதற்கு உரிமையாளரிடம் தனியே இசைவு பெறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பலர்முன் ஒலிப்பதற்கான உரிமத்தை எம்.ஏ.சி.பி. முதலிய உரிம அமைப்புகளிடம் கட்டணம் செலுத்திப் பெற்ற மண்டபத்தினரும், அவ்வுரிமம் படத்தோடு கோப்பதற்கும் பொருந்தும் என்று கருதிவிடலாகாது. மண்டபத்தின் உரிமம் மண்டபத்தோடு நின்றுவிடும்.

இதனைச் சட்டநூல் காட்டுமுன்னரே பொறி காட்டிவிடுகிறது. யூடியூப் நிறுவனம் 2007 முதல் ஒப்பீட்டுப் பொறி ஒன்றைக் கையாளுகிறது. ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியின் ஒலியையும் உரிமையாளர் அளித்த மூலத்தோடு அது ஒப்பிடுகிறது. பொருந்தினால் ஒலி அடக்கப்படலாம்; காணொளி மறைக்கப்படலாம்; அல்லது அதில் வரும் விளம்பர வருவாய் உரிமையாளரைச் சென்றடையலாம். விழாவன்று கண்ணீர் பெருக்கிய காட்சி, ஒரு வாரத்திற்குப்பின் ஊமைப்படமாக நிற்பதைப் பள்ளிகள் பல கண்டிருக்கின்றன. அப்பொழுது எழும் முணுமுணுப்பு யாது? "காசு கொடுத்து வாங்கிய பாட்டை ஊமையாக்கிவிட்டார்களே!" என்பதே. விலைச்சீட்டைக் காட்டிப் பொறியிடம் வழக்காடுவோரும் உளர். பொறிக்கு விலைச்சீட்டு தெரியாது, உரிமைச்சீட்டுதான் தெரியும்.

மறுப்பும் விடையும்

"இதனால் யாருக்கு இழப்பு? கோடிக்கணக்கில் பொருளீட்டும் நிறுவனம் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் காட்சியால் வறுமையுறுமா?" என்று கேட்பாருளர். வறுமையுறாது. ஆனால், அறம் என்பது இழந்தவரின் செல்வநிலையை அளந்து பார்த்துச் செய்வதா? பணக்காரன் தோட்டத்து மாங்காய் என்பதால் மதில் ஏறலாம் என்று மாணவனுக்கு எந்த ஆசிரியராவது கற்பிப்பாரா? வள்ளுவர் கள்ளாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பத்துக் குறளையும் மனப்பாடம் செய்யச் சொல்லிப் பரிசும் வழங்கும் அதே மேடையில், கேளாமல் எடுத்த இசை ஒலிப்பது முரண் அன்றோ?

மேலும், இழப்பு நிறுவனத்தோடு முடிவதில்லை. திரைப்பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும் பல்லாண்டுகள் உரிமைத்தொகை பெறாமலே வாழ்ந்தனர். 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு திரைப்படத் தயாரிப்பாளர் பக்கமே சாய்ந்தது. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, உரிமைத்தொகையில் எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் உள்ள பங்கைப் பிறர் எழுதி வாங்கிக்கொள்ள இயலாத நிலை ஏற்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமை அது. அதனைப் பாடலைப் போற்றுவோரே மதியாதிருப்பது பொருந்துமா?

2017இல் இளையராசா தம் பாடல்களை இசைவின்றி மேடைகளில் பாடலாகாது என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். தமிழுலகம் இரண்டுபட்டது. நட்பு பெரிதா உரிமை பெரிதா என்று பட்டிமன்றங்கள் நடந்தன. "பாட்டு மக்களுடையது, கேட்பதற்கு அவர் யார்?" என்று வெகுண்டவர் பலர். பாட்டைப் படைத்தவரைப் பார்த்தே 'நீ யார்' என்று கேட்கத் துணிந்த மனப்போக்குதான் பள்ளி மண்டபத்திலும் சங்க மேடையிலும் அமைதியாகக் குடியிருக்கிறது. அன்பு மிகுந்தமையால் உரிமை வந்துவிடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையை எவ்வளவு கொஞ்சினாலும், பெற்றோரிடம் கேளாமல் வெளியூர் அழைத்துச் செல்வதில்லை.

"எல்லாரும் செய்கின்றனர்" என்பது மற்றொரு விடை. மாணவன் தேர்வில் பார்த்தெழுதிப் பிடிபட்டபோது கூறும் விடையும் இதுவே. அவனிடம் ஏற்றுக்கொள்ளாத விடையை ஆசிரியர் தமக்காக ஏற்றுக்கொள்ளலாகாது.

எழுத்தாளரின் கடன்

இச்சிக்கலில் எழுத்தாளர்க்குப் பொறுப்பு மிகுதி. தம் கவிதை பெயரின்றி ஒரு மலரில் அச்சானால் எழுத்தாளர் கொதித்தெழுகின்றார். தம் சிறுகதை இசைவின்றிப் பயிற்சி நூலில் சேர்க்கப்பட்டால் கண்டனக் கடிதம் விடுக்கின்றார். அக்கொதிப்பு நியாயமானது. எழுதியவரின் பெயர் கூறப்படவும் படைப்பு சிதைக்கப்படாதிருக்கவும் உள்ள உரிமையை மலேசியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு காக்கிறது. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டமும், படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைத்தவரின் பெயர் குறிப்பிடப்படுவதை அவருடைய உரிமையாக்கியுள்ளது.

அதே எழுத்தாளர் தம் நூல் வெளியீட்டு விழாவை நடத்தும்போது நடப்பது யாது? வாழ்க்கைக் குறிப்பைக் காட்டும் படவில்லைகளுக்குப் பின்னே வீணையோ புல்லாங்குழலோ ஒலிக்கிறது. வாசித்த கலைஞர் யார் என்பது திரையில் இல்லை, அழைப்பிதழில் இல்லை, நன்றியுரையிலும் இல்லை. பந்தல் போட்டவர்க்கும் மோர் வழங்கியவர்க்கும் நன்றி சொல்லப்படுகிறது. அரை மணி நேரம் அவையைக் கட்டிப்போட்ட இசைக்கு உரியவர் பெயரற்றவராகிறார். தம் பெயர் விடுபட்டால் துடிக்கும் ஒருவர், பிறர் பெயரை விடுவதில் துடிப்பின்றி இருப்பது எங்ஙனம்? தனக்கு வேண்டும் உரிமையைப் பிறர்க்கு மறுப்பவன் உரிமை கேட்கும் தகுதியை இழக்கிறான். புத்தகம் வாங்கியவர் அதனைப் படியெடுத்துப் பரப்பினால் அதனைத் திருட்டு என்கிற எழுத்தாளர், பாடல் வாங்கித் தாம் பரப்புவதைக் கலைத்தொண்டு என்கிறார். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே.

செய்யத்தக்கன

குற்றம் கூறுவதோடு நின்றால் பயனில்லை. வழிகள் உண்டு, அவை எளியனவும்கூட.

முதலாவது, கேட்பது. உள்ளூர் இசைக்கலைஞர் ஒருவரின் பாடல் வேண்டுமெனில் அவரிடமே மடல் எழுதிக் கேட்கலாம். கேட்டால் மறுப்பவரைவிட மகிழ்ந்து தருபவரே பலராவர். எழுத்தில் பெற்ற ஒரு வரி இசைவு ஆயிரம் சமாதானங்களை வெல்லும்.

இரண்டாவது, பொதுவில் வைக்கப்பட்ட இசையை நாடுவது. 2001இல் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் உரிமங்களைக் கொண்டு, படைப்பாளர் பலர் தம் இசையைப் பிறர் பயன்படுத்த இசைந்துள்ளனர். இங்கும் நிபந்தனைகளைப் படித்தல் வேண்டும். பெயர் குறிப்பிடல் அவற்றுள் முதன்மையானது. வணிகப் பயனுக்குத் தடை விதிக்கும் உரிமம் பெற்ற இசையை நுழைவுச்சீட்டு விற்கும் விழாவில் நம்பிக் கையாளுதல் தகாது. மாற்றியமைக்கத் தடை விதிக்கும் உரிமம் பெற்ற இசையை நகரும் படங்களோடு கோத்து வெளியிடுதல் ஆகாது. அவ்வுரிமத்தின்படி அதுவும் ஒரு மாற்றமே. யூடியூப் நிறுவனமும் காணொளி ஆக்குவோர்க்கெனத் தனி இசைத்தொகுப்பு ஒன்றை வைத்துள்ளது.

மூன்றாவது, தேவையெனில் உரிமம் வாங்குவது. பின்னணிக்கென்றே இசை விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றின் உரிமம் விழா மேடைக்கா, இணையத்திற்கா, விற்பனைக்கா என்பது எழுத்தில் தெளிவாக இருக்கும். மலர்மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். ஏற்பாட்டுக் குழுவின் வரவு செலவுத் திட்டத்தில் 'இசை உரிமம்' என்று ஒரு வரி சேரட்டும்.

நான்காவது வழியே தமிழ்ப்பள்ளிக்கு மிகவும் உகந்தது. தேவாரமும் திருப்புகழும் தியாகராசர் கீர்த்தனையும் எவர்க்கும் தனியுடைமையல்ல. பாரதியின் பாடலும் பொதுவுடைமை. மரபுவழி வந்த மெட்டில் அவற்றைப் பாடுவதற்கு எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. பள்ளியில் பாடத் தெரிந்த பிள்ளைகள் இல்லையா? மிருதங்கமோ வயலினோ கற்கும் பிள்ளை ஒன்றேனும் இராதா? அவர்களைப் பாடச் செய்து பள்ளியிலேயே பதிந்து படவில்லைக் காட்சிக்குப் பின்னணியாக்கினால், அவ்விசை பள்ளிக்கே உரியதாகும். கைப்பேசி ஒன்றும் அமைதியான வகுப்பறை ஒன்றும் இருந்தால் பதிவுக்குப் போதும். குரல் சற்றே பிசகலாம்; தாளம் சற்றே தடுக்கலாம். இருபது ஆண்டுகள் கழிந்து அக்காட்சியைக் காணும் தாய்க்கு, உலகப் புகழ் பெற்ற பாடகரின் குரலைவிடத் தன் மகளின் பத்து வயதுக் குரல் இனிக்காதா? எந்தப் பொறியும் அதனை ஊமையாக்காது. எந்த நிறுவனமும் அதற்கு உரிமை கொண்டாடாது.

இவ்வழியில் வேறொரு நன்மையும் உண்டு. பாடலைப் பதிந்த பிள்ளையின் பெயரைத் திரையில் காட்டும்போது, படைத்தவரின் பெயரைச் சொல்லவேண்டும் என்னும் நெறியை மற்றப் பிள்ளைகள் கண்ணால் கற்கின்றனர். நாளை அவர்களுள் ஒருவர் எழுத்தாளராவார், ஒருவர் இசையமைப்பாளராவார். தம் படைப்பை எவரேனும் கேளாமல் எடுத்தால் தட்டிக்கேட்கும் துணிவும், பிறர் படைப்பைக் கேட்டுப் பெறும் பண்பும் அவர்க்கு ஒருங்கே வாய்க்கும்.

தமிழ்ப்பள்ளியின் கூரை ஒழுகினால் சமுதாயம் பொறுத்துக்கொள்ளும். நிதி திரட்டிச் சீர்செய்யும். அப்பள்ளி கற்பிக்கும் நேர்மை ஒழுகத் தொடங்கினால் சீர்செய்ய எந்த நிதியும் உதவாது. அடுத்த பிரியாவிடை விழாவுக்குப் படவில்லைகளை அடுக்க அமரும் ஆசிரியர், பாடலைத் தேடுமுன் ஒரு வினாவைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும்: விலை கொடுத்தாயிற்று, இசைவு பெற்றாயிற்றா? விடை 'இல்லை' எனில், எழுந்து சென்று ஐந்தாம் ஆண்டு வகுப்பறைக் கதவைத் தட்டட்டும். பாடுவதற்குப் பிள்ளைகள் அங்கே காத்திருக்கின்றனர்.